தேசியக்கொடி நிறங்களுக்கு எந்த அர்த்தம் சரி: பாட்டி சொன்னதா, புத்தகத்துல இருக்கறதா?

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சுகிட்டேனான்னு பாத்துக்கோங்க. ஆறாவது படிக்கிற உங்க பொண்ணு தேசியக்கொடியைப் பத்தி ஒரு பக்கம் எழுதி படமும் வரைஞ்சு எடுத்துட்டுப் போகணும். வீட்ல பாட்டி, காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மத்த எல்லாருக்கும்னு சொல்றாங்க. புத்தகத்துல தியாகம், உண்மை, செழிப்புன்னு போட்டிருக்கு. ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல சக்கரத்தோட 24 ஆரத்துக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்னு ஒரு லிஸ்ட் வந்திருக்கு. மூணுல எது சரின்னு கேக்கறீங்க. எனக்கு என்ன தோணுதுன்னா உங்க கேள்வி இதைவிடக் கொஞ்சம் பெருசு, ஒரு கொடிக்கு அர்த்தம்னு எங்க எழுதி வச்சிருக்கு, யார் சொன்னா அது செல்லும்ங்கறதுதான் கேள்வி. சட்டுனு பதில் வேணும்னா: பாட்டி சொல்றது வேற ஒரு கொடிக்கு, 1921ல இருந்த கொடிக்கு, கிட்டத்தட்ட சரி. புத்தகம் சொல்றது இப்ப இருக்கற கொடிக்குச் சரி, ஆனா அது கொடியை ஏத்துக்கிட்ட தீர்மானத்துல இல்ல, அன்னிக்குப் பேசின ஒரு பேச்சுலயும் அதுக்கு முன்னாடி காங்கிரஸ் போட்ட ஒரு தீர்மானத்துலயும் இருந்து வந்தது. வாட்ஸப் லிஸ்ட்டை விட்டுடுங்க.

நான் துணியில ஸ்கிரீன் பிரிண்டிங் பண்ற தொழில்ல ரொம்ப வருஷமா இருக்கேன், ஆகஸ்ட் வந்தா எங்களுக்குக் கொடி வேலைதான், அதனால அளவு, கலர், சக்கரம் இதெல்லாம் கைப்பழக்கம். அந்த ஆர்வத்துல நம்ம அரசியலமைப்பை எழுதின அரசியல் நிர்ணய சபையோட விவாதங்கள்ல கொடி சம்பந்தப்பட்ட பகுதியெல்லாம் உக்காந்து படிச்சிருக்கேன், அது யார் வேணாலும் படிக்கற மாதிரி பொதுவுல கிடைக்குது. வரலாற்று ஆராய்ச்சி பண்றவன் கிடையாது, வக்கீலும் கிடையாது, அதனால சட்டம் பத்தி வர்ற இடத்துல நான் சொல்றதை மட்டும் நம்பி எதுவும் பண்ணிடாதீங்க.

பாட்டி சொன்னதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அவங்க இல்லாததைச் சொல்லல. 1921ல பெஜவாடாவுல, அதாவது இப்போ விஜயவாடா, அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடினப்போ பிங்கலி வெங்கையாங்கறவர் காந்தியைப் பாத்து ஒரு கொடி டிசைன் காட்டுனார். அவர் அதுக்கு முன்னாடியே, 1916லயே, இந்தியாவுக்குக் கொடி எப்படி இருக்கலாம்னு பல மாதிரி போட்டு ஒரு சின்ன புத்தகமே வெளியிட்டவர். பெஜவாடாவுல காட்டினதுல ரெண்டு நிறம், சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. ராட்டையைப் போடலாம்னு சொன்னது ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜ். மத்த மதத்துக்காரங்களும் இருக்காங்களே, அவங்களுக்கு ஒரு வெள்ளைப் பட்டை வேணும்னு காந்தி சேர்த்தார். ஆக அந்தக் கொடியில நிறத்துக்கு மதம்தான் அர்த்தம், அதுல சந்தேகமே வேண்டாம், காந்தியே தன்னோட பத்திரிகையில அப்படித்தான் எழுதினார். ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. அதுல காவியே கிடையாது, சிவப்புதான். வரிசையும் வேற, மேல வெள்ளை, நடுவுல பச்சை, அடியில சிவப்பு. ஏன் அப்படின்னா எண்ணிக்கையில கம்மியா இருக்கறவங்க மேல இருக்கணும், பலமா இருக்கறவங்க அடியில நின்னு அவங்களுக்குக் காவலா இருக்கணும்ங்கறது காந்தி சொன்ன காரணம். எனக்கு கொடி டிசைன்ல படிச்சதுலேயே மனசைத் தொட்ட காரணம் இதுதான், இன்னிக்கு இதை யாரும் பிள்ளைங்களுக்குச் சொல்றதில்லங்கறது எனக்கு வருத்தம். பாட்டி சொல்றது இந்தப் பழைய அர்த்தத்தை எடுத்து இப்ப இருக்கற நிறத்து மேல வச்சுப் பாக்கறது, அதனாலதான் பாதி பொருந்துது பாதி பொருந்தல.

அப்படி மதத்துக்கொரு நிறம்னு வச்சா என்ன ஆகும்னு யோசிங்க, என் நிறம் எங்கன்னு அடுத்தவர் கேப்பார், கேக்கறது நியாயமும்தான். அப்படித்தான் ஆச்சு. சீக்கியர்கள் எங்க நிறத்தையும் சேருங்க, இல்லன்னா மதத்தோட சம்பந்தமே இல்லாத கொடியா வைங்கன்னு கேட்டாங்க. 1931ல காங்கிரஸ் ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டுச்சு, பட்டேல், நேரு, ஆசாத், மாஸ்டர் தாரா சிங் எல்லாம் அதுல இருந்தாங்க, பட்டாபி சீதாராமய்யா ஒருங்கிணைச்சார். அந்தக் கமிட்டி பரிந்துரை பண்ணது என்னன்னு தெரிஞ்சா நிறைய பேர் ஆச்சரியப்படுவாங்க: முழுக் கொடியும் ஒரே காவி நிறம், மூலையில செம்பழுப்பு நிறத்துல ஒரு ராட்டை. பட்டையே வேண்டாம், பட்டை இருந்தாத்தானே இது யாருதுன்னு கேப்பாங்கங்கற எண்ணம். அகில இந்திய கமிட்டி அதை ஏத்துக்கல. மூணு பட்டை இருக்கட்டும், சிவப்புக்குப் பதிலா காவி, அது மேல வரட்டும், நடுவுல வெள்ளை, கீழ பச்சை, வெள்ளையில நீல நிற ராட்டைன்னு 1931 ஆகஸ்ட்ல பம்பாய்ல முடிவாச்சு. கூடவே நிறங்களுக்கு எந்த மத அர்த்தமும் இல்லன்னு தீர்மானத்துலயே எழுதிட்டாங்க. காவி தைரியத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை அமைதிக்கும் உண்மைக்கும், பச்சை நம்பிக்கைக்கும் வீரத்துக்கும், ராட்டை சாதாரண மக்களோட எதிர்பார்ப்புக்கும். உங்க பொண்ணு புத்தகத்துல இருக்கற தியாகம் உண்மை ரெண்டும் முதல்ல வர்ற இடம் இது. நம்ம ஊர்ல கொடி காத்த குமரன்னு சொல்றோமே, திருப்பூர்ல 1932 ஜனவரியில அவர் அடிபட்டு உயிர் விட்டது இந்தத் தீர்மானம் வந்து அஞ்சே மாசத்துல. அதனால குமரன் கையில அசோகச் சக்கரம் போட்ட கொடியை வரைஞ்சு வைக்கற படமெல்லாம் தப்பு, அப்போ சக்கரமே வரல. பள்ளிக்கூடச் சுவத்துல கூட இந்தத் தப்பைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வரையறவங்க கவனிங்க.

இப்ப 1947. சுதந்திரம் வரப்போகுதுன்னதும் ஜூன் மாசம் ராஜேந்திர பிரசாத் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, கே.எம்.முன்ஷி, அம்பேத்கர் இவங்கள்லாம் உறுப்பினர்கள். காங்கிரஸ் கட்சிக் கொடியையே தேசியக் கொடியா எடுத்துக்கிட்டு, எல்லாரும் ஏத்துக்கற மாதிரி மாத்தங்கள் பண்ணலாம்ங்கறதுதான் முடிவு. ஜூலை 22ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில நேரு தீர்மானத்தை முன்மொழிஞ்சார், பட்டுல ஒண்ணு கதர்ல ஒண்ணுன்னு ரெண்டு கொடியைச் சபையில காட்டுனார், எல்லாரும் எழுந்து நின்னு ஏத்துக்கிட்டாங்க. அந்தத் தீர்மானம் ரொம்பச் சின்னது, நாலஞ்சு வரிதான், ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை சம அளவுல கிடைமட்டமா, வெள்ளை நடுவுல கருநீலச் சக்கரம், அந்தச் சக்கரத்தோட வடிவம் சாரநாத் சிங்கத்தூண் பீடத்துல இருக்கற சக்கரம், அதோட விட்டம் வெள்ளைப் பட்டை அளவுக்குக் கிட்டத்தட்ட, கொடியோட அகலத்துக்கும் நீளத்துக்கும் 2க்கு 3 விகிதம். அவ்வளவுதான். நல்லா கவனிங்க, இதுல எந்த நிறத்துக்கும் ஒரு அர்த்தமும் சொல்லல. ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்லியிருக்காங்க, அது சக்கரத்துக்கு: அது ராட்டையைக் குறிக்குதுன்னு. ராட்டையைத் தூக்கிட்டு அசோகச் சக்கரத்தை வச்சாங்கன்னு பலபேர் சொல்றாங்க, தீர்மானத்தைப் படிச்சா அது பாதி உண்மைதான், ராட்டையோட சக்கரம் மட்டும் தங்கியிருக்கு, அதோட உருவம் சாரநாத்துல இருந்து வந்துச்சு. காந்திக்கு முழு ராட்டை போனதுல வருத்தம், அதை அவர் எழுதியும் இருக்கார்.

அப்போ புத்தகத்து அர்த்தம் எங்க இருந்து? அன்னிக்கு அதே சபையில நேரு பேசறப்போ இந்த நிறங்களை மதத்தோட சேர்த்துப் பாக்காதீங்க, நாங்க அப்படி நினைச்சு வைக்கலன்னு தெளிவா சொன்னார். அப்புறம் பேசினவங்கள்ல ஒருத்தர் ராதாகிருஷ்ணன். காவி துறவோட நிறம், தலைவருங்க தனக்குன்னு எதுவும் பாக்காம வேலை செய்யணும்ங்கறதைச் சொல்லுது. வெள்ளை வெளிச்சம், உண்மையோட வழி. பச்சை மண்ணோட நமக்கு இருக்கற உறவு, எல்லா உயிரும் நம்பியிருக்கற செடிகொடியோட உறவு. சக்கரம் தர்மம், அது சுத்திக்கிட்டே இருக்கணும், நின்னா சாவு, நகர்ந்தா வாழ்வு, இப்படிப் போகும் அந்தப் பேச்சு. அரசாங்கம் கொடிக்கு விளக்கம் சொல்ற இடத்துலயும் இந்தப் பேச்சைத்தான் எடுத்துக் காட்டுது. புத்தகத்துல செழிப்புன்னு போட்டிருக்கறது இந்த மண்ணு, செடிகொடியோட சுருக்கம்னு எடுத்துக்கலாம். அதனால உங்க பொண்ணு அதைத் தைரியமா எழுதலாம், ஆனா ராதாகிருஷ்ணன் அரசியல் நிர்ணய சபையில சொன்ன விளக்கம்னு பேரோட எழுதச் சொல்லுங்க, அப்பதான் அது முழுசா சரி.

சக்கரத்துக்கு வர்றேன், இது எனக்குப் பிடிச்ச பகுதி, ஏன்னா இங்க அர்த்தத்தோட தொழிலும் சேருது. ராட்டையை ஏன் மாத்தணும்னு நேரு சொன்ன காரணங்கள்ல ஒண்ணு பெரிய தத்துவம் எதுவும் இல்ல, கொடின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்ங்கறதுதான். ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் நூல் சுத்தற கதிர், கொடியைத் திருப்பினா இடம் வலமாயிடும். வட்டமான சக்கரத்துக்கு அந்தப் பிரச்சனை கிடையாது, எந்தப் பக்கம் பாத்தாலும் சக்கரம்தான். அரசாங்கத்தோட கொடி விதிகள்லயும் சக்கரம் ரெண்டு பக்கமும் முழுசா தெரியணும்னு இருக்கு. இது சொல்றதுக்குச் சுலபம், செய்யறவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும், துணியில முன்பக்கம் அடிச்ச சக்கரத்து மேலயே சரியா பின்பக்கச் சக்கரம் உக்காரணும், ஒரு ஆரம் நூல் அளவு தள்ளிட்டாக்கூட வெயில்ல பிடிச்சுப் பாத்தா இரட்டைக் கோடாத் தெரிஞ்சிடும், அதுலயும் கதர்த்துணி நெசவு இழுத்த இழுப்புக்குக் கொஞ்சம் வரும். ராட்டையா இருந்திருந்தா இது சாத்தியமே இல்ல.

24 ஆரம் ஏன்? சாரநாத் தூணோட பீடத்துல நாலு சக்கரம் இருக்கு, நடுநடுவே யானை, குதிரை, காளை, சிங்கம், அந்தச் சக்கரங்களுக்கு 24 ஆரம், அதை அப்படியே எடுத்துக்கிட்டதால கொடியிலயும் 24. இது உறுதியான பதில். சிங்கங்களோட தலைக்கு மேல ஒரு பெரிய சக்கரம் இருந்து உடைஞ்சு போயிருக்கு, அதுக்கு 32 ஆரம்னு அறிஞர்கள் சொல்றாங்க, அதை எடுத்திருந்தா கொடியில 32 வந்திருக்கும். அசோகர் காலத்துச் சிற்பி ஏன் 24 வச்சான்னு கேட்டா அது விளக்கம் சொல்றவங்க இடம், பௌத்தத்துல துன்பம் எப்படி உண்டாகுதுன்னு சொல்ற 12 கண்ணிகள், அதையே திருப்பி எப்படி முடியுதுன்னு இன்னொரு 12ன்னு சிலர் சொல்றாங்க, கேக்க நல்லா இருக்கு, ஆனா அது பின்னாடி வந்தவங்க சொல்ற விளக்கம்தான். 24 மணி நேரம்ங்கறது நிச்சயம் ஒட்டாது, நம்ம மரபுல ஒரு நாளுக்கு 60 நாழிகை, அசோகர் காலத்துல மணிக்கணக்கு ஏது. பொறுமை, அன்பு, கற்புன்னு 24 குணம் போட்டு வர்ற லிஸ்ட் தீர்மானத்துலயும் இல்ல, நேரு ராதாகிருஷ்ணன் பேச்சுலயும் இல்ல. நல்ல குணங்கள்தான், பிள்ளைங்க கத்துக்கட்டும், ஆனா கொடியோட அதிகாரப்பூர்வமான அர்த்தம்னு எழுதினா தப்பு.

யார் வடிவமைச்சதுன்னு பொண்ணு எழுத வேண்டி வரும், அதுல கொஞ்சம் ஜாக்கிரதை. பிங்கலி வெங்கையாதான் தேசியக்கொடியை வடிவமைச்சவர்னு எல்லா பொது அறிவுப் புத்தகத்துலயும் இருக்கு, 2009ல அவருக்கு அஞ்சல்தலையும் வந்திருக்கு, 1921 கொடிக்கு அடித்தளம் அவர்தான்ங்கறதுல எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனா 1947ல சக்கரத்தோட வந்த வடிவத்தை வரைஞ்சது அப்போ அரசியல் நிர்ணய சபைப் பணியில இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி பத்ருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி சுரய்யா தயாப்ஜியும்தான்னு ஒரு கருத்து வலுவா இருக்கு, அவங்க குடும்பத்துல இருந்தும் சொல்லியிருக்காங்க. சக்கரத்தைக் கொண்டு வந்ததே அம்பேத்கர்தான்னு இன்னொரு கருத்து, அவர் கமிட்டியில இருந்தது உறுதி, அவர் ஒருத்தராலதான்னு சொல்ற அளவுக்கு நான் படிச்ச விவாதங்கள்ல ஆதாரம் பாக்கல. தீர்மானத்துல யார் பேரும் கிடையாது. நான் எழுதறதா இருந்தா, வெங்கையா தொடங்கி வச்சார், காந்தி மாத்தினார், 1931லயும் 1947லயும் கமிட்டிகள் மாத்தினாங்கன்னு எழுதுவேன், பலபேர் கை பட்டு உருவான கொடின்னு சொல்றதுல அதுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தக் காவி சரியா அந்தக் காவி சரியான்னு கம்ப்யூட்டர்ல நிறத்துக்குப் போடற ஹெக்ஸ் கோடு வச்சு நிறைய சண்டை நடக்குது. நம்ம நாட்டோட தர நிர்ணயத்துல முதல் நம்பர், ஐ.எஸ். 1ங்கறதே, 1951ல வந்த தேசியக்கொடிக்கான தரம்தான், அப்புறம் 1968ல திருத்தினாங்க. அதுல நிறம் சொல்லியிருக்கறது சாயம் ஏத்தின துணிக்கு, குறிப்பிட்ட வெளிச்சத்துல கருவி வச்சு அளக்கற எண்களா. மொபைல் ஸ்கிரீன்ல போடற கோடெல்லாம் அதுல இருந்து மாத்தி எடுத்ததுதான், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கிரேயான்ல வரையற பிள்ளைக்கு ஒண்ணுதான் முக்கியம், சக்கரம் கருநீலம், கறுப்பு கிடையாது, அடுத்து பச்சை இளம்பச்சையா இருக்கக்கூடாது. துணி விஷயத்துல ஒரு காலத்துல கையால நூத்து கையால நெய்ஞ்சது மட்டும்தான், ஹூப்ளி பக்கத்துல பெங்கேரியில இருக்கற கதர் சங்கம் தர முத்திரையோட தைக்கற கொடிதான் நாடு முழுக்கப் போகும். 2021 டிசம்பர்ல கொடி விதிகள்ல திருத்தம் வந்து மிஷின்ல செஞ்சதும் பாலியஸ்டரும் செல்லும்னு ஆச்சு. சட்டப்படி சரிதான், நிறைய வீட்டுக்குக் கொடி போச்சு, அதுல எனக்குச் சந்தோஷமும் உண்டு. ஆனா ராட்டையைக் குறிக்கற சக்கரத்தைக் கையால நூத்த துணியில பாக்கறதுல ஒரு பொருத்தம் இருந்துச்சு, அது குறைஞ்சு போச்சேன்னு எனக்கு இருக்கு. சென்னைக்கு வந்தா ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்குக் கோட்டையில ஏத்துன கொடியை அங்க வச்சிருக்காங்க.

படம் வரையறதுக்கு வழி சொல்லிடறேன், பெரும்பாலான பிள்ளைங்க அங்கதான் தடுமாறுது. ஐ.எஸ். 1ல ஒன்பது அளவு இருக்கு, பெரியது 6300க்கு 4200 மில்லிமீட்டர், சின்னது 150க்கு 100. அதுல 225க்கு 150ன்னு ஒரு அளவு ஏ4 பேப்பரைப் படுக்க வச்சா கச்சிதமா உக்காரும், பட்டையும் முழு எண்ல வரும். நீளம் 22.5 சென்டிமீட்டர், உயரம் 15, ஒவ்வொரு பட்டையும் 5. அந்த அளவுக்குச் சக்கரத்தோட விட்டம் 4 சென்டிமீட்டர்னு கொடுத்திருக்காங்க, அதனால காம்பஸை 2 சென்டிமீட்டருக்கு வச்சுக்கணும். பெரிய கொடியில சக்கரம் வெள்ளைப் பட்டையை இன்னும் நெருக்கி வரும், உதாரணமா 900க்கு 600 கொடியில பட்டை 200, சக்கரம் 185, சின்ன கொடியில இடைவெளி கொஞ்சம் கூடுதலா விட்டிருக்காங்க, எதுலயும் காவியையோ பச்சையையோ தொடாது. நடுப்புள்ளி மேல இருந்து 7.5, இடமிருந்து 11.25. முதல் ஆரத்தை நேரா மேல நோக்கிப் போட்டுட்டு, ப்ரொட்ராக்டரை வச்சு 15 டிகிரிக்கு ஒரு புள்ளி வச்சுக்கிட்டே சுத்தி வரச் சொல்லுங்க, 24 தானா வந்துடும். நீலத்தைக் கடைசியில அடிக்கச் சொல்லுங்க, முதல்ல அடிச்சா காவியும் பச்சையும் தீட்டறப்போ கை பட்டு வெள்ளையில இழுவிடும்.